நாள்பட்ட நோய் வந்த பிறகு நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி: கேர்ஷீல்டு லைஃபில் இப்போது சேரலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் 1968ல் பிறந்த சிங்கப்பூரர். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது. சிறுநீரகச் செயல்பாடு மூன்றாம் கட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. காலில் ஒருமுறை புண் வந்து மெல்ல ஆறியிருக்கிறது. நாற்பது வயதில் தானாகச் சேர்க்கப்பட்ட, கேர்ஷீல்டுக்கு முன்பிருந்த இதே வகைக் காப்புறுதியான எல்டர்ஷீல்டு 400 இன்னும் நடப்பில் இருக்கிறது. மனைவி 1973ல் பிறந்தவர், உடல்நலத்தோடு இருக்கிறார். மகள் 1995ல் பிறந்தவர். இந்த நோய்களோடு, கடும் உடற்குறை வந்தால் மாதப் பணம் வழங்கும் அரசாங்கத் திட்டமான கேர்ஷீல்டு லைஃபுக்கு மாற முடியுமா, அதற்கு மேல் கூடுதலாகப் பணம் வழங்கும் தனியார் துணைத்திட்டம் கிடைக்குமா, இல்லை டயாலிசிஸ் என்ற நிலை வரும்போது பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு விடை, முடியும். தனியார் திட்டம் உங்களுக்குக் கிடைப்பது கடினம். காத்திருப்பது மட்டும் வேண்டாம். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் திட்டங்களில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் நோயையும் உடற்குறையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான்.

கேர்ஷீல்டு லைஃப் 2020 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது. 1980லோ அதற்குப் பிறகோ பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முப்பது வயதானதும் அதில் தானாகவே இடம்பெறுகிறார்கள். ஏற்கெனவே நோயோ உடற்குறையோ இருந்தாலும் விலக்கு இல்லை, விலகவும் முடியாது. ஆகவே உங்கள் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 2025ல் அவர் உள்ளே வந்துவிட்டார். 1979லோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்குச் சேர்வது விருப்பம். அவர்களில் 1970 முதல் 1979 வரை பிறந்து, எல்டர்ஷீல்டு 400ல் இருந்து, கடும் உடற்குறை இல்லாதவர்களை 2021 டிசம்பரில் அரசாங்கமே சேர்த்துவிட்டு, வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ள 2023 இறுதிவரை அவகாசம் தந்தது. அந்த வகையில் உங்கள் மனைவி அநேகமாக ஏற்கெனவே உறுப்பினராக இருப்பார். அப்போது விலகல் படிவம் எதையும் அவர் அனுப்பவில்லையே என்று மட்டும் சிங்பாஸ் என்ற மின்னடையாளம் மூலம் மத்திய சேம நிதிக் கணக்கில் நுழைந்து பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் நீங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டீர்கள். நீங்களாக விண்ணப்பித்தால்தான் உண்டு.

விண்ணப்பிக்கும்போது உங்கள் ஆண்டில் பிறந்தவர்களுக்கு உள்ள தடை ஒன்றே ஒன்றுதான்: சேரும் நாளில் உங்களுக்குக் கடும் உடற்குறை இருக்கக் கூடாது. நீரிழிவு எத்தனை ஆண்டாக இருக்கிறது, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்பவை தகுதியைத் தீர்மானிப்பதில்லை. இங்கே கடும் உடற்குறை என்பதற்கு வரையறுத்த பொருள் உண்டு. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறை பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கோ நாற்காலியிலிருந்து படுக்கைக்கோ இடம் மாறுதல் என்ற ஆறில் மூன்றையாவது, கருவிகள் இருந்தும்கூட, இன்னொருவர் உடலால் உதவாமல் செய்ய இயலாத நிலை அது. சேர்வதற்கான வாசலை அடைப்பதும் இதே நிலைதான், பணம் வழங்குவதற்கான வாசலைத் திறப்பதும் இதே நிலைதான். நீரிழிவுக்காரருக்கு அந்த நிலை படிப்படியாகத்தான் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு பக்கவாதம் போதும், ஒரே இரவில் அந்தக் கோட்டைக் கடந்துவிடலாம். கடந்துவிட்டால் பழைய எல்டர்ஷீல்டு மட்டுமே மிஞ்சும்.

பழைய எல்டர்ஷீல்டு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடுவது எளிது. மாதம் 400 வெள்ளி, அதிகபட்சம் ஆறு ஆண்டுகள், ஆகமொத்தம் 28,800 வெள்ளி. 2002ல் வந்த முதல் எல்டர்ஷீல்டு இன்னும் சிறியது: மாதம் 300 வெள்ளி, ஐந்து ஆண்டுகள். கேர்ஷீல்டு லைஃப் 2020ல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கி, ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்ந்து, 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு உயரும்படி மாற்றப்பட்டிருக்கிறது. 2026ல் முதன்முறை கோருபவருக்கு மாதம் 689 வெள்ளி, உடற்குறை நீடிக்கும்வரை, தேவைப்பட்டால் ஆயுள் முழுவதும். மூன்றரை ஆண்டுகளில் அது எல்டர்ஷீல்டு 400ன் உச்சத்தொகையை எட்டிவிடும். பத்து ஆண்டுகளில் 82,680 வெள்ளி ஆகிவிடும். பத்து ஆண்டு என்பதை மிகையாக எண்ண வேண்டாம். கடும் உடற்குறை அடைவோரில் பத்தில் மூவர் பத்தாண்டோ அதற்கு மேலோ அந்நிலையில் வாழக்கூடும் என்பது எல்டர்ஷீல்டை மறுஆய்வு செய்த குழு 2018ல் முன்வைத்த மதிப்பீடு. ஆறு ஆண்டு வரம்பு நீக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு நுணுக்கத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். வழங்குதொகை ஆண்டுதோறும் உயர்வது நீங்கள் கோரும்வரை அல்லது 67 வயதுவரைதான். கோரிக்கை ஏற்கப்பட்ட அன்று எந்தத் தொகையோ அதே தொகைதான் பிறகு கடைசிவரை வரும். விலைவாசி ஏறும், அது ஏறாது.

சந்தா விஷயத்தில் உங்கள் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பது நியாயமே. முப்பது வயதில் தொடங்கியவர் 67 வயதுவரை பரப்பிக் கட்டுவதை நீங்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் கட்ட வேண்டும். 59 வயதிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தாலும் பத்து ஆண்டுகள் கட்டியாக வேண்டும் என்பதால், தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்க வழியில்லை. எல்டர்ஷீல்டுக்கு இதுவரை கட்டியது வீணாகாது, அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு உங்கள் சந்தா குறையும். சரியான தொகை பிறந்த ஆண்டு, பாலினம், பழைய திட்டம், குடும்ப வருமானம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை நம்பாமல் இணையத்தில் உள்ள அதிகாரபூர்வக் கணிப்பானில் உங்கள் விவரத்தைப் போட்டுப் பாருங்கள். முழுச் சந்தாவையும் மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தே செலுத்தலாம். வருமானத்தைப் பொறுத்து 30 விழுக்காடுவரை கழிவு உண்டு. சந்தா கட்ட வழியில்லை என்பதற்காக ஒருவரின் காப்புறுதி பறிபோகாது என்றும் அரசாங்கம் உறுதி கூறியிருக்கிறது.

ஆனால் நாள்பட்ட நோயாளியின் மெடிசேவ் ஓட்டைப் பானைதான். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கான சிகிச்சைக்கு ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நோய்நிலை என்றால் 700 வெள்ளிவரை அதிலிருந்துதான் போகிறது. வேலை குறைந்தால் உள்ளே வருவதும் குறையும். எனவே மனைவி, மகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் மெடிசேவிலிருந்தும் உங்கள் சந்தாவைச் செலுத்த முடியும் என்பதை இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகள் வேலைக்குச் செல்பவரானால் இது அவருடைய கைச்செலவைத் தொடாமல் அவர் செய்யக்கூடிய உதவி.

இனி அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருகிறேன். கேர்ஷீல்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த பலர் அதிர்ச்சி அடைவது இங்கேதான். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீரிழிவே காரணம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டயாலிசிஸ் தொடங்கினால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல இயந்திரத்தோடு இருக்க வேண்டும். திரும்பி வந்து அன்று முழுவதும் படுத்தே கிடப்பவர்கள் உண்டு. வேலையை விட்டவர்கள் உண்டு. ஆனாலும் அவரே குளித்து, அவரே உடுத்தி, அவரே சாப்பிடுகிறார் என்றால் கேர்ஷீல்டு ஒரு வெள்ளியும் தராது. முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவர் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு தனியாக நடந்தால், நடமாட்டம் என்ற கட்டத்தில் குறி விழாது. நீரிழிவால் பார்வை மங்கியவர் வீட்டுக்குள் தடவித் தடவித் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டால் அவருக்கும் இதே நிலைதான். மருத்துவமனைக் கட்டணமும் டயாலிசிஸ் கட்டணமும் மெடிஷீல்டு லைஃபின் பொறுப்பு. கடும் உடற்குறைக்கான மாதப் பணம் கேர்ஷீல்டின் பொறுப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட ஆண்டுகள் யாருடைய பொறுப்பும் அல்ல என்பதே உண்மை. அந்த ஆண்டுகளில் சம்பளம் குறைந்திருக்கும், மனைவி அரைநாள் விடுப்பு எடுத்திருப்பார், வாடகைக் காருக்கும் கட்டுத்துணிக்கும் கைக்காசு போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே உங்கள் நிலையில் இருப்பவர் திட்டமிட வேண்டியது முதன்மையாக இந்த இடைக்காலத்துக்குத்தான் என்பது என் கருத்து. அதற்குக் காப்புறுதியை மட்டும் நம்பாமல் ரொக்கமாக ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. வேலையில்லாமல் இரண்டு ஆண்டுகள் வீட்டை நடத்த எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு உங்கள் விடை எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். அரசாங்க உதவிகளில் இந்தக் கட்டத்துக்குப் பொருந்துபவை சில உண்டு. வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 300 வெள்ளி. வீட்டில் இருப்பவருக்கு அந்த ஆறில் ஒரே ஒரு செயலுக்கு உதவி தேவை என்று மதிப்பிடப்பட்டாலே உடற்குறை அடிப்படையில் அது 60 வெள்ளியாகக் குறையும். மூன்று செயல்களில் எப்போதும் ஓரளவு உதவி தேவைப்படுபவருக்கு, அதாவது கேர்ஷீல்டின் அளவுகோல் வரை போகாதவருக்கும், இல்லப் பராமரிப்பு மானியம் கிடைக்கக்கூடும். அதன் உச்சத்தொகை 2026 ஏப்ரல் முதல் மாதம் 600 வெள்ளி. அது குடும்பத்தின் தலா வருமானத்தைப் பொறுத்தது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் குளியலறையில் கைப்பிடி பொருத்தித் தரையை வழுக்காமல் செய்து தரும் கழகத்தின் திட்டம் பொதுவாக 65 வயதானவர்களுக்கானது என்றாலும், 60 முதல் 64 வயதுவரை உள்ளவருக்கு ஒரு செயலிலாவது உதவி தேவைப்பட்டால் அப்போதே விண்ணப்பிக்கலாம். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவுக்காரருக்குக் கைப்பிடி காப்புறுதியைவிட முக்கியமானது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஈரத் தரையில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவரைப் பராமரித்த வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்து, தனியார் துணைத்திட்டம். கிரேட் ஈஸ்டர்ன், இன்கம், சிங்லைஃப் ஆகிய நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு 600 வெள்ளிவரை மெடிசேவிலிருந்து சந்தா கட்டலாம். இவற்றின் கவர்ச்சியே நான் மேலே சொன்ன இடைக்காலத்தை ஓரளவு தொடுவதில்தான் இருக்கிறது: சில திட்டங்கள் ஒன்றோ இரண்டோ செயல்கள் இயலாமல் போனதுமே பணம் வழங்கத் தொடங்குகின்றன. ஆனால் தனியார் நிறுவனம் உடல்நல விவரங்களைக் கேட்கும். நீரிழிவோடு சிறுநீரகப் பாதிப்பும் காற்புண் வரலாறும் சேர்ந்திருக்கும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்படவே வாய்ப்பு அதிகம். ஏற்றாலும் சந்தாவைக் கூட்டலாம், சில காரணங்களால் வரும் உடற்குறையை விலக்கலாம். முயலவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்கப்படும் கேள்விகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வித்தாளை மட்டும் முகவரிடம் வாங்கிப் படியுங்கள். ஒரு நிறுவனம் நிராகரித்தால் அதைப் பின்னால் வேறு காப்புறுதி விண்ணப்பங்களிலும் தெரிவிக்க வேண்டி வரலாம். எதையும் மறைக்காதீர்கள். "புண்தான் ஆறிவிட்டதே, அதை ஏன் எழுதுகிறீர்கள்" என்று முகவர் சொன்னால் அந்த முகவரை மாற்றுங்கள். கோரிக்கை வரும் நாளில் மருத்துவமனைக் குறிப்புகள் எல்லாம் வெளியே வரும், அப்போது முகவர் அங்கே இருக்க மாட்டார், பல ஆண்டுச் சந்தாவுக்குப் பிறகு ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லிவிடும் நிலை ஏற்படும். எல்டர்ஷீல்டுக்கு மேல் பழைய துணைத்திட்டம் ஏதாவது ஏற்கெனவே வைத்திருந்தால் அதை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள். இன்றைய உடல்நிலையில் அதைத் திரும்ப வாங்க முடியாது.

தனியார் துணைத்திட்டம் உண்மையில் தேவைப்படுபவர் உங்கள் மனைவி. நோயாளி யாரோ அவருக்கே காப்புறுதி என்று குடும்பங்கள் நினைக்கின்றன, அது இயல்புதான். ஆனால் வரும் பதினைந்து ஆண்டுகளில் உங்களைத் தூக்கி உட்கார வைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து, டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்போவது அவர். அவருடைய முதுகும் முழங்காலும் தேய்ந்து அவரும் படுத்துவிட்டால், இருவருக்கும் சேர்த்து ஒரு பணிப்பெண் போதாது. தனியார் நிறுவனம் ஏற்பது கடினமாகிவிட்ட உங்களுக்காக முகவர்களைத் தேடி அலையும் நேரத்தில், 53 வயதில் நலமாக இருக்கும் அவருக்கு அடுத்த மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது தெரியவருவதற்கு முன் ஒரு துணைத்திட்டம் எடுத்துவிடுங்கள். வாழ்நாள் முழுவதும் வழங்குவதா, எத்தனை செயல்களில் தொடங்குகிறது, சந்தா எந்த வயதுவரை, கோரிக்கைக்குப் பின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற நான்கையும் பாருங்கள். மாதத் தொகையைப் பெரிதாக்குவதைவிட, குறைந்த செயல்களில் தொடங்கி ஆயுள் முழுவதும் வழங்கும் சிறிய தொகையை நான் தேர்ந்தெடுப்பேன்.

கோரிக்கை வைக்கும் நாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் ஒருவர் மருந்தகத்திலோ வீட்டுக்கு வந்தோ பார்ப்பார். நம் பெரியவர்கள் அந்த அரைமணி நேரத்தில் திடீரென்று திடமாகிவிடுவார்கள். "குளிக்க உதவி வேண்டுமா, ஐயா?" என்று கேட்டால், "எல்லாம் நானே பார்த்துக்குவேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்கள். அன்று காலை அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி, கைலியைக் கட்டிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்ட பணிப்பெண் சமையலறை வாசலில் பேசாமல் நிற்பார். அந்நியர் முன்னால், அதுவும் மருமகள் பக்கத்தில் இருக்கும்போது, கழிப்பறைக்குத் துணை வேண்டும் என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? மதிப்பீட்டாளர் அவர் சொன்னதை எழுதிக்கொண்டால் குற்றம் அவருடையதல்ல. எனவே தினமும் கூட இருந்து உதவுபவர் அந்த நேரத்தில் அருகில் இருக்க வேண்டும், அவரும் பேச வேண்டும். சட்டையை எடுத்துக் கொடுத்தால் போதுமா, கையை நுழைத்துவிட வேண்டுமா, பொத்தானும் போட வேண்டுமா என்ற அளவுக்கு விவரம் தேவை. டயாலிசிஸ் முடிந்த நாளுக்கும் மறுநாளுக்கும் வேறுபாடு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும். தகுதி இல்லை என்று முடிவு வந்து பிறகு நிலைமை மோசமானால் மீண்டும் மதிப்பீட்டுக்குப் போகலாம். உடல் தேறினால் வழங்குதொகை நிற்கும், மறுபடி தேவைப்பட்டால் மறுபடி கோரலாம். பணம் வரத் தொடங்கிய பின் சந்தா கட்ட வேண்டியதில்லை.

அந்த நிலை வந்தால் கேர்ஷீல்டோடு மெடிசேவ் கேர் என்ற வசதியும் இருக்கிறது. கடும் உடற்குறை உள்ளவர் முப்பது வயதோ அதற்கு மேலோ ஆனவரானால், தம்முடைய அல்லது வாழ்க்கைத்துணையின் மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளிவரை ரொக்கமாக எடுக்கலாம். ஆனால் அது மீதித் தொகையைப் பொறுத்தது: 20,000 வெள்ளியோ அதற்கு மேலோ இருந்தால்தான் முழு 200 வெள்ளி, 5,000 வெள்ளிக்குக் கீழே இருந்தால் எதுவும் இல்லை. மனைவியின் மெடிசேவை இப்போதே காலி செய்துவிடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். 689 வெள்ளியும் 200 வெள்ளியும் சேர்ந்தாலும் தாதிமை இல்லத்தின் மானியமற்ற கட்டணத்தில் பாதிகூட வராது. வீட்டில் பணிப்பெண்ணை வைத்துப் பராமரிக்க அவளுடைய சம்பளத்தில் பெரும்பகுதிக்கு ஆகும். இத்திட்டத்தின் அளவு அவ்வளவுதான் என்று தெரிந்தே அதில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. வழங்குதொகை உங்கள் பெயரில் வரும் பணம். பக்கவாதத்திலோ மறதிநோயிலோ நீங்களே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், வங்கிக் கணக்கைக் கையாள மனைவிக்குத் தானாக உரிமை வந்துவிடாது. எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி வைக்காத குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். பணமும் மாதங்களும் அதில் கரையும். மனம் தெளிவாக இருக்கும்போது மட்டுமே அந்தப் பத்திரத்தை எழுத முடியும். கேர்ஷீல்டு விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப உட்காரும் அதே மாலையில், மனைவியையும் மகளையும் அருகில் வைத்துக்கொண்டு எல்பிஏ விண்ணப்பத்தையும் நிரப்பத் தொடங்கிவிடுங்கள். அதற்குச் சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ தேவைப்படுவார். நீங்கள் வழக்கமாகப் போகும் மருந்தகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கேட்டு வாருங்கள்.